பத்து ரூபாய் நூடுல்ஸை ஒழுங்காக ருசி பார்ப்பது எப்படி?

அண்ணாச்சி கடையில் நூடுல்ஸ் என்று கேட்டால் மஞ்சள் பாக்கெட்டைத்தான் எடுத்து நீட்டுவார், நாமும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். பக்கத்திலேயே சிவப்பிலும் பச்சையிலும் நாலைந்து வகை சரம் சரமாகத் தொங்கும், அவற்றை யாரும் கேட்பதில்லை. அந்த மற்ற வகைகளையும் ஒருமுறை வாங்கிப் பார்க்கலாமே என்று நினைப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. 10 ரூபாயிலிருந்து 20 ரூபாய்க்குள் கிடைக்கும் பாக்கெட்டுகள்தான் நம் கணக்கு, விலை அதிகமான கொரியப் பாக்கெட்டுகளைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பாக்கெட்டாக இருந்தாலும் முதல் தடவை அதன் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறதோ அப்படியே சமையுங்கள். வெங்காயம், தக்காளி, முட்டை, கருவேப்பிலைத் தாளிப்பு எல்லாம் அப்புறம். நம் வீடுகளில் நூடுல்ஸ் என்றாலே கடுகு தாளித்து, காய்கறி போட்டு, மேலே ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளும் தூவி, கிட்டத்தட்ட சேமியா உப்புமா பக்குவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். அது ருசியாக இருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் அப்போது நாக்குக்குத் தெரிவது நம் தாளிப்புதான். எந்தக் கம்பெனி பாக்கெட்டைப் போட்டாலும் ஒரே மாதிரி இருப்பதாகப் பலர் சொல்வதற்குக் காரணமும் இதுதான்.

எதை வாங்குவது

முதல் சுற்றுக்கு நாலு பாக்கெட் போதும், நாலும் ஒரே வகை ருசியாக இருக்கட்டும். மசாலா என்றால் நாலும் மசாலா. ஒன்று மசாலா, ஒன்று சிக்கன், ஒன்று ஷெஷ்வான், ஒன்று ஆட்டா என்று கலந்து வாங்கினால் எதை எதோடு ஒப்பிடுவது என்றே தெரியாமல் போகும். மேகி மசாலா, யிப்பீ மேஜிக் மசாலா, டாப் ராமென் மசாலா, அப்புறம் உங்கள் ஊரில் வேறு எது கிடைக்கிறதோ அதில் ஒன்று, இப்படி எடுத்துக்கொள்ளலாம். அண்ணாச்சி கடையில் இரண்டுதான் இருக்கும், மிச்சத்துக்கு சூப்பர் மார்க்கெட் போக வேண்டியிருக்கும். வாய் வாய் என்ற நூடுல்ஸ் எல்லா இடத்திலும் கிடைக்காது. வடகிழக்கு மாநிலத்தவர்கள் அதிகம் குடியிருக்கும் பகுதிகளில் உள்ள கடைகளில் தேடிப் பாருங்கள்.

5 ரூபாய், 7 ரூபாய் குட்டிப் பாக்கெட்டுகளை ஒப்பிட்டுப் பார்க்க எடுக்காதீர்கள். அதில் நூடுல்ஸ் கட்டி சின்னது, தண்ணீர் அளவு கொஞ்சம் பிசகினாலும் ருசி மொத்தமும் மாறிவிடும். விலையை ஒப்பிடுவதாக இருந்தால் பாக்கெட் விலையைப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, ஒன்று 60 கிராம் இருக்கும், இன்னொன்று 70 கிராம் இருக்கும். இப்போது விலைக்குப் பக்கத்திலேயே ஒரு கிராம் எவ்வளவு என்று பொடி எழுத்தில் அச்சிடுகிறார்கள், அதைப் பாருங்கள்.

கடையில் நிற்கும்போதே இன்னும் மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள். ஒன்று, தேதி. நூடுல்ஸ் காய்ந்த பொருள், கெட்டுப்போகாது என்று நினைக்கிறோம், ஆனால் அது எண்ணெயில் பொரித்த பொருள். நாளானால் எண்ணெய் காறிப்போகும். தேதி தாண்டாமல் இருந்தாலும், வெயில் படும் இடத்தில் தொங்கிய பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்தால் பழைய முறுக்கு டப்பாவைத் திறந்த வாடை வரும். அப்படி வந்தால் சமைக்க வேண்டாம். இரண்டாவது, சைவமா அசைவமா என்கிற குறி. பச்சை வட்டம் சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம். பழைய நினைப்பில் பழுப்பு வட்டத்தைத் தேடாதீர்கள், அசைவக் குறியை முக்கோணமாக மாற்றிவிட்டார்கள். மூன்றாவது, வீட்டில் யாருக்காவது வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்றால் பொருட்கள் பட்டியலை முழுக்கப் படியுங்கள். சில மசாலாக்களில் வேர்க்கடலைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்க்கிறார்கள், பெயரைப் பார்த்தால் நூடுல்ஸில் கடலை இருக்கும் என்று தோன்றவே தோன்றாது.

அந்தக் கட்டிக்குள் என்ன இருக்கிறது

சமைப்பதற்கு முன் கட்டியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். இழைகள் அலை அலையாக மடங்கி, நடுவில் இடைவெளி விட்டு நிற்கும். அந்த அலை அழகுக்காக வைத்தது கிடையாது, இழைகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளாமல் சூடான எண்ணெயும் பிறகு நம் வீட்டு வெந்நீரும் உள்ளே புகுந்துபோவதற்கான வழி அது. மைதா மாவைப் பிசைந்து, தேய்த்து, இழையாக வெட்டி, ஆவியில் வேகவைத்து, அதற்குப் பிறகு எண்ணெயில் பொரிக்கிறார்கள். பொரிக்கும்போது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே பாய்ந்து, இழை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகளை விட்டுவிட்டுப் போகிறது. வெந்நீரில் போட்டதும் தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகத்தான் சட்டென்று உள்ளே போகிறது. ஏற்கெனவே வெந்த பொருள் என்பதால் நாம் செய்வது பெரும்பாலும் தண்ணீரைத் திரும்பக் கொடுப்பதுதான். சேமியா அப்படி இல்லை, அது வேகாத மாவு, காயவைத்தது மட்டும்தான், அதனால்தான் அதை வறுத்து, தண்ணீர் விட்டு வேகவைக்க வேண்டியிருக்கிறது.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் மொமோஃபுகு ஆண்டோ. 1958ல் அவருடைய நிசின் கம்பெனி சிக்கின் ராமென் என்ற பெயரில் முதல் பாக்கெட்டை விற்பனைக்கு விட்டது. விலை 35 யென். கடையில் கிடைத்த சாதா ஊடோன் நூடுல்ஸைவிடப் பல மடங்கு அதிகம், அன்றைக்கு இது ஏழைச் சாப்பாடாக வரவில்லை. நம் ஊரில் கிடைக்கும் டாப் ராமென் அதே நிசினுடையதுதான். முதல் பாக்கெட்டில் மசாலா தனியாகக் கிடையாது, இழையிலேயே சூப் ருசி ஏறியிருந்தது, வெந்நீர் ஊற்றினால் போதும். நேபாளக் கம்பெனியின் வாய் வாய் பாக்கெட்டைப் பிரித்தால் இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே வழியைப் பார்க்கலாம். கட்டி பழுப்பாக இருக்கும், ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டால் உப்பும் ருசியும் இழையிலேயே இருக்கும். அதனால்தான் அதை அப்படியே நொறுக்கித் தின்கிறார்கள். உள்ளே பொடிப் பாக்கெட்டோடு தாளித்த எண்ணெய் ஒரு குட்டிப் பாக்கெட்டில் தனியாக இருக்கும். மசாலா நூடுல்ஸ் மட்டுமே பழகியவர்களுக்கு இந்த எண்ணெய்ப் பாக்கெட் புதிதாக இருக்கும், தயவுசெய்து அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வாசனையில் பாதி அதில்தான் இருக்கிறது.

இழை மஞ்சளாகவும் இழுத்தால் கொஞ்சம் ரப்பர் மாதிரியும் இருப்பதற்குக் காரணம் 500, 501 என்ற எண்களில் பட்டியலில் வரும் கார உப்புகள். சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட். மைதாவில் இவற்றைச் சேர்த்தால் மாவு இறுகி, நிறமும் மஞ்சளாகத் திரும்பும். கட்டியைப் போட்டதும் தண்ணீரிலிருந்து லேசாக ஒரு சோப்பு வாடை மாதிரி வருவதைச் சிலர் சொல்வார்கள், அதுவும் இந்தக் கார உப்பின் வேலைதான், மசாலா விழுந்ததும் மறைந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் வருடாவருடம் சுற்றிவரும் சமாச்சாரம் ஒன்று உண்டு, நூடுல்ஸ் மேல் மெழுகு தடவியிருக்கிறார்கள், முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வேகவையுங்கள் என்று. மெழுகு எதுவும் கிடையாது. தண்ணீரில் மிதக்கும் பளபளப்பு பொரித்த பனை எண்ணெய். எண்ணெயைக் குறைக்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீரைக் கொட்டுவது வேறு விஷயம், அது உங்கள் விருப்பம். ஆனால் ருசி பார்க்கும் முதல் சுற்றில் கொட்டாதீர்கள், குழம்புக்குக் கொழகொழப்பைக் கொடுக்கும் மாவும் அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

தண்ணீர்

மொத்தக் கட்டுரையிலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பின்பற்றுவேன் என்றால் இதைப் பின்பற்றுங்கள்: தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். "நல்லாவே இல்லப்பா, ஒரே உப்பு" என்று ஒருவர் ஒதுக்கிய அதே பாக்கெட்டை இன்னொருவர் "சப்புன்னு இருக்கு" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவர் வீட்டு டம்ளர் சின்னது, இன்னொருவர் வீட்டு டம்ளர் பெரியது, அவ்வளவுதான். 70 கிராம் மேகிக்கு 210 மில்லி என்று பாக்கெட்டில் இருக்கும். மற்ற கம்பெனிகளின் அளவு வேறாக இருக்கலாம், அந்தந்தப் பாக்கெட்டைப் பாருங்கள்.

அளவு ஜாடி இல்லையென்றால் பரவாயில்லை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி, தினமும் புழங்கும் டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். இரண்டரை டம்ளர் வந்தால் உங்கள் டம்ளர் 200 மில்லி. நாலு டம்ளர் வந்தால் 125 மில்லி. ஒருதடவை பார்த்து வைத்துக்கொண்டால் அப்புறம் எப்போதும் உதவும்.

இன்னொரு சிக்கல் ஆவி. வாய் அகன்ற வாணலியில் தண்ணீர் சீக்கிரம் வற்றும், பால் காய்ச்சும் குறுகலான பாத்திரத்தில் அவ்வளவு வற்றாது. அதனால் நாலு பாக்கெட்டையும் ஒரே பாத்திரத்தில், ஒரே தீயில் செய்யுங்கள். இரண்டு பாக்கெட்டைச் சேர்த்துப் போடும்போது தண்ணீரை அப்படியே இரண்டு மடங்கு ஊற்றினால் கொஞ்சம் நீர்த்துப்போவதும் இதனால்தான். நூடுல்ஸ் இரண்டு மடங்கு ஆனாலும் ஆவியாவது இரண்டு மடங்கு ஆகாது. ஒரு மூன்று நாலு மேசைக்கரண்டி குறைத்து ஊற்றிப் பாருங்கள்.

முதல் கிண்ணம்

தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதிக்கட்டும். ஓரத்தில் குமிழ் வர ஆரம்பித்ததுமே கட்டியைப் போட்டுவிடும் அவசரம் வேண்டாம். கொதி வந்ததும் கட்டியைப் போட்டு, மசாலாவையும் பாக்கெட்டில் சொன்னபடி சேர்த்து, அந்த நொடியிலிருந்து போனில் நேரம் வையுங்கள். 2 நிமிடம் என்பது இங்கிருந்துதான் ஆரம்பம், தண்ணீர் கொதிக்க எடுத்த நேரம் அதில் சேராது.

முதல் அரை நிமிடம் கட்டியைக் குத்திக் குலைக்காதீர்கள். அடிப்பக்கம் இளகியதும் ஒருதடவை திருப்பிப் போட்டால் தானாகவே பிரியும். ஒரு நிமிடம் தாண்டியதும் ஒரே ஒரு இழையை எடுத்துக் கடித்து, கடித்த இடத்தைப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் தண்ணீர் இன்னும் உள்ளே போய்ச் சேரவில்லை. அந்தப் புள்ளி மறையும் தருவாயில் அடுப்பை அணைத்துவிடுங்கள், முழுக்க மறையும் வரை காத்திருக்க வேண்டாம். கிண்ணத்தில் கொட்டிய பிறகும் இழை குடித்துக்கொண்டேதான் இருக்கும், நீங்கள் ஸ்பூன் தேடி உட்கார்வதற்குள் அது பதமாகிவிடும். ஐந்து நிமிடம் கழித்து வந்தால் குழம்பு இருக்காது, கட்டியாகக் கிடக்கும். அதைச் சாப்பிட்டுவிட்டு அந்தக் கம்பெனியைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

மசாலா பாக்கெட்டைக் கிழிக்கும்போது உடனே கொட்டிவிடாமல் ஒரு நொடி முகர்ந்து பாருங்கள், விரல் நுனியில் ஒரு துளி தொட்டு நாக்கில் வையுங்கள். மல்லியும் மஞ்சளும் சீரகமும் எல்லாவற்றிலும் இருக்கும். வித்தியாசம் வருவது மற்றவற்றில். ஒன்றில் வெங்காயத் தூளும் வெந்தயமும் முன்னால் நிற்கும், இன்னொன்றில் சர்க்கரை தூக்கலாகத் தெரியும், வேறொன்றில் நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று புளிக்கும். அந்தப் புளிப்பு 330 என்ற எண்ணில் வரும் சிட்ரிக் அமிலம். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பின்னால் உதவும், ஏற்கெனவே புளிக்கும் மசாலாவில் தக்காளி போட்டால் கெட்டுப்போகும், இனிக்கும் மசாலாவில் தக்காளி போட்டால் சரியாகிவிடும்.

எப்படி ஒப்பிடுவது

நாலு பாக்கெட்டையும் ஒரே நாளில் ஒருவர் சாப்பிட முடியாது, சாப்பிடவும் கூடாது. இரண்டு இரண்டாகப் பாருங்கள், அதுவும் பாதிப் பாதி. கட்டியை நடுவில் உடைத்து, மசாலாவை நன்றாகக் குலுக்கி (உப்பும் சர்க்கரையும் அடியில் தங்கியிருக்கும்) ஒரு காகிதத்தில் கொட்டிக் கத்தியால் இரண்டாகப் பிரியுங்கள். பாதிக் கட்டிக்குச் சரிபாதித் தண்ணீர் போதாது, ஆவியாவதற்காக ஒரு 20 மில்லி கூடுதலாக ஊற்றுங்கள். மிச்ச மசாலாவை அன்றைக்கே மடித்து, இறுக மூடும் டப்பாவில் போட்டுவிடுங்கள். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் திறந்து வைத்த மசாலா மறுநாளே ஈரம் குடித்துக் கட்டிதட்டிப் போகும்.

வீட்டில் இன்னொருவர் இருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் சமைக்கட்டும், இன்னொருவர் பாக்கெட்டைப் பார்க்காமல் சாப்பிடட்டும். கிண்ணத்துக்கு அடியில் அ, ஆ என்று சின்னச் சீட்டு ஒட்டிவிட்டால் போதும். பழகிய பாக்கெட்டின் நிறத்தைப் பார்த்ததுமே நாக்கு முடிவு செய்துவிடுகிறது, கண்ணை விலக்கினால்தான் உண்மை வெளியே வரும். இதைவிடக் கறாராகப் பார்க்க வேண்டுமா? மூன்று கிண்ணம் வையுங்கள், இரண்டில் ஒரே நூடுல்ஸ், ஒன்றில் வேறு. எது தனி என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உணவுக் கம்பெனிகளின் ருசிக்கூடங்களில் முக்கோணச் சோதனை என்று இதைத்தான் செய்கிறார்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருதடவை சரியாக வந்துவிடும், ஆகவே ஒரே தடவையோடு நிறுத்தாமல் இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேளுங்கள். "இதைத் தவிர வேறு எதையும் தொட மாட்டேன்" என்று வருடக்கணக்காகச் சொன்னவர்கள் இந்தச் சோதனையில் தடுமாறுவதைப் பார்க்கலாம். சிலர் முகர்ந்த உடனேயே சரியாகச் சொல்வார்கள், அதுவும் நடக்கும்.

காரம் குறைந்ததிலிருந்து காரம் அதிகமானதற்குப் போங்கள். இடையில் வெறும் பொரி ஒரு வாய், அப்புறம் தண்ணீர். பிஸ்கட் வேண்டாம், அதன் இனிப்பு அடுத்த கிண்ணத்தைக் காரமாகக் காட்டும்.

ஒரு நோட்டில் நாலு வரி எழுதி வைத்தால் போதும். பிரித்ததும் வந்த வாசனை, இழையின் கடி, மசாலாவின் உப்பு காரம் புளிப்பு, கடைசியாகச் சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து வாய் எப்படி இருக்கிறது என்பது. இந்தக் கடைசி வரியைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் மலிவு நூடுல்ஸில் நல்லதையும் சுமாரானதையும் பிரிப்பதே அதுதான். நல்ல மசாலாவில் வாசனை கொஞ்ச நேரம் தங்கிவிட்டுப் போகும், சுமாரானதில் வெறும் உப்புத் தாகம்தான் மிஞ்சும்.

621, 635, அப்புறம் உப்பு

விழுங்கிய பிறகும் நாக்கில் தங்கி, அடுத்த வாயைக் கேட்கும் ருசி இருக்கிறதே, அது குளூட்டமேட் தருவது. 1908ல் ஜப்பானில் கிகுனாயே இகெடா கடற்பாசிச் சாற்றிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். 621 என்று பட்டியலில் இருந்தால் அது நாம் அஜினமோட்டோ என்று சொல்லும் பொருள். பல பாக்கெட்டுகளில் 621 சேர்க்கவில்லை என்றிருக்கும், ஆனால் 635 இருக்கும். அது வேறு பொருள், குளூட்டமேட்டோடு சேரும்போது ருசியைப் பல மடங்கு தூக்கிக் காட்டுவது அதன் வேலை. சிதைத்த புரதத்தில் இயல்பாகவே குளூட்டமேட் உண்டு, பழுத்த தக்காளியிலும் உண்டு. 2015ல் மேகி பிரச்சினை வந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஈயம் அதிகம் என்றும், சேர்க்கவில்லை என்று அச்சிட்டிருந்த பாக்கெட்டில் எம்எஸ்ஜி, அதாவது அந்த 621, இருந்தது என்றும் சொல்லி ஜூன் மாதம் தடை வந்தது, ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கி மறுபடி பரிசோதிக்கச் சொன்னது, நவம்பரில் பாக்கெட் கடைக்குத் திரும்பியது.

எம்எஸ்ஜியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு உப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் 100 கிராமுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். உதாரணத்துக்கு 1200 மில்லிகிராம் என்று இருந்தால், 70 கிராம் பாக்கெட்டில் 840 மில்லிகிராம். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்புக் கணக்கு வரும், 2 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு பாக்கெட்டிலேயே ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது, சாம்பார், ஊறுகாய், அப்பளம் எல்லாம் இன்னும் பாக்கி. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் இந்தச் சோதனையில் ஒரு வாய் ருசி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆட்டா, ஓட்ஸ் என்று பெயர் போட்ட பாக்கெட்டில் நார்ச்சத்து கொஞ்சம் கூடலாம், ஆனால் மசாலாவில் உப்பு குறையவேண்டும் என்று கட்டாயம் இல்லை, அதையும் திருப்பிப் பாருங்கள்.

இனி உங்கள் கைவரிசை

எழுதியபடி செய்து பார்த்தாகிவிட்டது, எது பிடித்தது என்றும் தெரிந்துவிட்டது. சரி, இப்போது காய்கறியை எடுங்கள். கேரட், பட்டாணி, கோஸ் போடுவதாக இருந்தால் முதலில் தண்ணீரில் காயை வேகவிட்டு, வற்றிய தண்ணீரை ஈடுகட்டி ஊற்றிவிட்டு, அப்புறம் கட்டியைப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் காய் வேகும்போது நூடுல்ஸ் குழைந்திருக்கும். தனியாக உப்பு போடவே போடாதீர்கள்.

முட்டையை அடித்து ஊற்றும்போது அடுப்பைக் குறைத்து, மேலாக வட்டமாக ஊற்றி, அரை நிமிடம் கரண்டியைத் தொடாமல் விட்டால் பூப்பூவாகத் திரளும். உடனே கிளறினால் கலங்கிப்போய்க் குழம்பு மங்கலாகிவிடும். எலுமிச்சை பிழிவதாக இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள்.

நம் வீட்டுப் பொருளில் இதற்கு அருமையாகப் பொருந்துவது இட்லிப் பொடி. மசாலாவில் பாதியை மட்டும் போட்டு, தண்ணீர் இல்லாமல் வற்றவிட்டு, இறக்கியதும் ஒரு ஸ்பூன் இட்லிப் பொடியும் கொஞ்சம் நல்லெண்ணெயும் விட்டுப் பிரட்டினால் போதும். நல்லெண்ணெய் வாசனை தூக்கலாக வரும், அதனால் காரமான சாதா மசாலாவுக்குத்தான் சரி, வாய் வாய் மாதிரி தாளித்த எண்ணெயோடு வருவதில் போட்டால் இரண்டும் மோதும். ரசத்தில் வேகவைப்பவர்களும் உண்டு. ரசத்தில் உப்பும் புளியும் ஏற்கெனவே இருப்பதால் மசாலாவைக் கால் பங்குக்கு மேல் போடாதீர்கள், மிளகு ரசம் தக்காளி ரசத்தைவிட நன்றாக ஒத்துவரும்.

அடுத்த சுற்று

மசாலாவை முடித்தவர்கள் சிக்கன், கறி, ஷெஷ்வான், ஹாட் கார்லிக் என்று போகலாம். சிங்ஸ் பாக்கெட்டுகள் நம் ஊர் சைனீஸ் கடை ருசியைப் பிடிக்கப் பார்ப்பவை, குழம்பாக வைக்காமல் வற்றவிட்டால்தான் எடுபடும். கப் நூடுல்ஸ் விலை அதிகம், உள்ளே இருப்பது குறைவு, பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோடு வரை வெந்நீர் ஊற்றி மூடி வைக்க வேண்டும், வெதுவெதுப்பான தண்ணீரில் ஒருநாளும் வேகாது.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் இந்தோமி கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மீ கோரெங் என்று எழுதிய பாக்கெட்டில் பொடி, எண்ணெய், இனிப்பு சோயா சாஸ், மிளகாய், சில சமயம் வறுத்த சின்ன வெங்காயம் என்று குட்டிக் குட்டியாக நிறைய பாக்கெட்டுகள் இருக்கும். அதில் முறையே தலைகீழ். நூடுல்ஸ் வேகும்போதே எல்லாவற்றையும் ஒரு தட்டில் பிழிந்து வைத்துக்கொண்டு, வெந்ததும் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, நூடுல்ஸைத் தட்டில் கொட்டிப் பிரட்ட வேண்டும். நம் பழக்கத்தில் தண்ணீரோடு மசாலாவைக் கலந்தால் அந்த ருசி வராது.

கொரியாவின் சாம்யாங் புல்டாக் 2012ல் வந்தது. இங்கே அதன் விலைக்கு உள்ளூர்ப் பாக்கெட் ஆறேழு வாங்கலாம், ஆனாலும் கேட்காத பிள்ளைகள் இல்லை. பொடி கிடையாது, சிவப்பு சாஸ்தான். 5 நிமிடம் வேகவைத்து, ஏழெட்டு ஸ்பூன் தண்ணீரை மட்டும் விட்டு மிச்சத்தை வடித்து, சாஸ் ஊற்றி அரை நிமிடம் வதக்க வேண்டும். முதல் தடவை சாஸில் மூன்றில் ஒரு பங்கு போதும், நாம் பச்சை மிளகாய் கடிக்கிறவர்கள் என்ற தைரியம் இதில் உதவாது. 2024ல் டென்மார்க் அரசு இதில் காரம் மிக அதிகமான மூன்று வகைகளைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லி, பிறகு இரண்டை மட்டும் அனுமதித்தது. சின்னப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கவே வேண்டாம். வாய் எரிந்தால் தண்ணீர் குடிக்காதீர்கள், மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, கெட்டித் தயிரோ குளிர்ந்த பாலோ பக்கத்தில் இருக்கட்டும்.

பிடிக்காமல் போன பாக்கெட்டுகள்

நாலில் ஒன்றாவது பிடிக்காமல் போகும், அதன் மிச்சப் பாதி டப்பாவில் கிடக்கும். மசாலாதான் பிடிக்கவில்லை, இழை பரவாயில்லை என்றால் மசாலாவை ஒதுக்கிவிட்டு, வேகவைத்த நூடுல்ஸை வடித்து, வெங்காயமும் கோஸும் மிளகுத்தூளும் போட்டு வதக்கிக்கொள்ளலாம். இழை பிடிக்கவில்லை, மசாலா நன்றாக இருக்கிறது என்றால் அந்த மசாலாவை உருளைக்கிழங்கு வறுவலில் கடைசியில் தூவுங்கள், உப்பைக் குறைத்துக்கொண்டு. இரண்டுமே பிடிக்கவில்லையா, கட்டியைப் பொடியாக உடைத்து, ஒரு ஸ்பூன் எண்ணெயில் வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கருவேப்பிலையோடு சிறு தீயில் வறுத்து, மிளகாய்த்தூளும் பெருங்காயமும் தூவி ஆறவிட்டு டப்பாவில் போட்டுவிடுங்கள். சாயங்காலம் டீயோடு கொறிக்க ஆகும். இழை ஏற்கெனவே பொரித்தது என்பதால் மூன்று நிமிடத்துக்கு மேல் அடுப்பில் வைக்காதீர்கள், கருகிவிடும்.